வீட்டையும் தோட்டத்தையும் தினம் ஒரு படமாகப் பதிவு செய்வது எப்படி?

தினம் ஒரு படம் என்று உற்சாகமாக ஆரம்பிப்பவர்களில் பலர் ஒரு மாதம் தாண்டுவதில்லை. பூ, பூனை, ஜன்னல் எல்லாம் முதல் வாரத்திலேயே தீர்ந்துவிடும். பிறகு ஒருநாள் படுக்கப் போகும்போதுதான் ஞாபகம் வரும். விளக்கு வெளிச்சத்தில் கைக்கு அகப்பட்டதை அவசரமாக எடுப்பார்கள். அந்தப் படம் பிடிக்காது. மறுநாள் கேமராவைத் தொட மனம் வராது. எந்த நேரத்தில், எந்த வெளிச்சத்தில் எடுப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்யாததுதான் இதற்குக் காரணம். ஆகவே வெளிச்சத்திலிருந்து தொடங்குவோம். கேமராவை அதற்குப் பிறகு கையில் எடுத்தால் போதும்.

வீட்டின் வெளிச்சத்தைப் படித்தல்

விடுமுறை நாள் ஒன்றை இதற்கென ஒதுக்குங்கள். காலை ஆறு மணி முதல் மாலை ஆறு மணி வரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு அறையையும் தோட்டத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் நின்ற இடம் மாறாமல் எடுங்கள். ஏழு சுற்று வரும். படம் நன்றாக வரவேண்டும் என்ற கவலை வேண்டாம், இவை வெறும் குறிப்புகள். இரவில் வரிசையாகப் பார்த்தால் எந்த ஜன்னலில் வெயில் எப்போது நுழைந்து எப்போது விலகுகிறது, எதிர்ச்சுவரில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் எந்த அறையை நிரப்புகிறது, எந்தச் செடிக்குப் பின்னால் மாலைச் சூரியன் இறங்குகிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். அவற்றில் மிக நன்றாக இருக்கும் ஓர் இடத்தை வீட்டுக்குள்ளும் ஓர் இடத்தை வெளியிலும் தேர்ந்தெடுத்து, நேரத்தோடு எழுதி வையுங்கள். எதுவும் தோன்றாத நாட்களில் இந்த இரண்டும் கைகொடுக்கும்.

சூரியன் உதிக்கும் இடம் ஜூன் 21 வாக்கில் வடகோடியிலும் டிசம்பர் 21 வாக்கில் தென்கோடியிலும் இருக்கும். ஜூனில் வெயில் விழுந்த தரையில் டிசம்பரில் விழாமல் போகலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இந்தச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

வெளியில் எடுக்கச் சூரிய உதயத்துக்குப் பிந்திய ஒரு மணி நேரமும் அஸ்தமனத்துக்கு முந்திய ஒரு மணி நேரமும் சிறந்தவை. அந்த நேரத்தில் செடிக்கு எதிர்ப்பக்கம் போய், சூரியன் இலைக்குப் பின்னால் இருக்கும்படி நின்று பாருங்கள். இலையின் நரம்பெல்லாம் ஒளிரும். மேகமூட்டமான நாளைப் பலர் வீண் என்று நினைக்கிறார்கள். பூவின் நிறமும் இலையின் பச்சையும் மிகச் சரியாகப் பதிவாவது அன்றைக்குத்தான். உச்சிவெயிலில் எடுத்தே ஆகவேண்டுமென்றால் சூரியனுக்கும் செடிக்கும் நடுவே மெல்லிய வெள்ளைத் துணியைப் பிடிக்கச் சொல்லுங்கள். கடும் நிழல் கரைந்துவிடும். இல்லாவிட்டால் நிழலையே எடுங்கள். தரையில் விழும் கம்பியின் நிழலும் கொடியின் நிழலும் அந்த நேரத்தில்தான் கூர்மையாக இருக்கும்.

வீட்டுக்குள் ஜன்னல் உங்களுக்குப் பக்கவாட்டில் இருக்கட்டும். எடுக்கும் பொருளுக்கு நேர் பின்னால் ஜன்னல் இருந்தால் பொருள் கறுத்துப்போகும். முக்கியமாக, பகலில் அறை விளக்கை அணைத்துவிடுங்கள். பகல் வெளிச்சத்தின் நிற வெப்பம் (வெளிச்சம் நீலம் சார்ந்ததா மஞ்சள் சார்ந்ததா என்று காட்டும் அளவு) ஏறக்குறைய 5500 கெல்வின், மஞ்சள் விளக்கினுடையது 2700. கேமரா இரண்டில் ஒன்றுக்குத்தான் தன்னைச் சரிசெய்துகொள்ள முடியும். அதனால்தான் முகத்தின் ஒரு பாதி நீலமாகவும் மறுபாதி மஞ்சளாகவும் வருகிறது. ஜன்னல் வெளிச்சம் படாத பக்கம் மிகவும் இருண்டிருந்தால், அந்தப் பக்கம் அரை மீட்டர் தூரத்தில் ஒரு வெள்ளை அட்டையை நிறுத்தி வையுங்கள். பெரிய விளக்குகள் செய்யும் வேலையில் பாதியை அது செய்துவிடும்.

ஒளிப்படக் கலையே வீட்டு ஜன்னலில் தொடங்கியதுதான். கேமராவில் பதிவாகி இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய படம் 1826 அல்லது 1827இல் நிசஃபோர் நியெப்ஸ் பிரான்சில் தன் வீட்டு மேல்மாடி ஜன்னலிலிருந்து எடுத்தது. நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நெகட்டிவும் 1835இல் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் இங்கிலாந்தில் தன் வீட்டு ஜன்னலை எடுத்ததே.

போனில் ஒருமுறை செய்து வைக்க வேண்டியவை

புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இருக்கும் போனே போதும். ஆனால் கீழே உள்ளவற்றை முதல் நாளே செய்துவிடுங்கள்.

1. லென்ஸை மெல்லிய பருத்தித் துணியால் துடையுங்கள். இதைத் தினமும் செய்ய வேண்டும். விரல் எண்ணெய் படிந்த லென்ஸ்தான் படத்தில் காணும் மங்கலுக்கும், விளக்கைச் சுற்றிப் பரவும் வெண்புகைக்கும் முதல் காரணம்.

2. கேமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளை, அதாவது திரையைக் கட்டங்களாகப் பிரிக்கும் கோடுகளை, போடுங்கள். சாய்ந்த கதவும் சாய்ந்த சுவரும் இத்துடன் ஒழியும்.

3. ஃபிளாஷ், ஃபில்டர், முகத்தை மெருகேற்றும் வசதி மூன்றையும் அணைத்துவிடுங்கள்.

4. ஃபைல் வகையைக் கவனியுங்கள். 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் எச்இஐசி என்ற வகையில் படத்தைச் சேமிக்கின்றன. இடம் குறைவாகப் பிடிக்கும், ஆனால் பழைய கணினிகளில் திறக்காமல் போகலாம். பல வருடம் வைத்திருக்கப்போகும் படத்துக்கு எங்கும் திறக்கும் ஜேபெக் வகை பாதுகாப்பானது.

5. படத்துக்குள் இருப்பிடத் தகவல் பதிவாகிறதா என்று பாருங்கள். வீட்டில் எடுத்த படத்தை வெளியாட்களுக்கு அனுப்பும் பழக்கம் இருந்தால் இருப்பிடப் பதிவை நிறுத்திவிடுவதே நல்லது. அந்தத் தகவல் உங்கள் வீட்டு வாசலையே காட்டிக்கொடுக்கும்.

ஃபோகஸும் வெளிச்ச அளவும்

திரையில் எடுக்க வேண்டிய பொருளின்மேல் விரலை அழுத்திப் பிடித்தால் ஃபோகஸும் வெளிச்ச அளவும் அங்கேயே பூட்டிக்கொள்ளும். பெரும்பாலான போன்களில் பக்கத்தில் ஒரு சூரியக் குறி தோன்றும். அதை மேலும் கீழும் இழுத்து வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கலாம். தோட்டத்துப் படங்களில் நேரும் தவறுகளில் பெரும்பங்கு இங்கேதான். கேமரா எதைப் பார்த்தாலும் அதை நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். கரும்பச்சை இலைகளுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பூ இருந்தால், இலையைப் பார்த்து மொத்தப் படத்தையும் பிரகாசமாக்கிவிடும். பூவின் இதழ்கள் ஒன்றோடொன்று கலந்து வெற்று வெள்ளையாகிவிடும். இந்த இடத்தில் அளவை −0.7 அல்லது −1 (பாதி வெளிச்சம்) வரை குறையுங்கள். வெள்ளைப் படுக்கைவிரிப்பு, வெள்ளைச் சுவர் போன்றவற்றில் இதற்கு நேர்மாறாக நடக்கும். கேமரா அவற்றைச் சாம்பலாக்கும். அங்கே +0.7 கூட்டுங்கள். சிவப்புப் பூக்கள் இன்னும் தொல்லை. வெயிலில் சிவப்பு நிறம் மட்டும் முதலில் நிரம்பி வழிவதால் மடிப்புகள் தெரியாமல் ஒரே திட்டாக வரும். பூ நிழலுக்கு வந்தபின், அளவைச் சற்றுக் குறைத்து எடுங்கள்.

அருகில் போய் எடுக்கும்போது இன்னொரு சிக்கல் வரும். இப்போதைய போன்களின் முதன்மை லென்ஸ் பலவற்றில் 10 முதல் 15 சென்டிமீட்டருக்குள் ஃபோகஸ் ஆகாது. சில போன்கள் அந்த நேரத்தில் தாமாகவே அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். படம் கூர்மை இழக்கும், போனின் நிழலும் பூமேல் விழும். ஓர் அடி பின்னால் வந்து இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். பின்னணியும் அமைதியாகும்.

தனிக் கேமரா வைத்திருப்பவர்கள் அபர்ச்சரை, அதாவது லென்ஸில் ஒளி நுழையும் துளையின் அளவை, தாங்களே தீர்மானிக்கும் முறையில் வைத்துக்கொள்ளலாம். வீட்டுக் காட்சிகளுக்கு எஃப் 4 முதல் எஃப் 5.6 வரை, ஒற்றைப் பூவை நெருங்கி எடுக்க எஃப் 8. நெருங்க நெருங்கக் கூர்மையாக இருக்கும் ஆழம் குறைந்துகொண்டே போகும் என்பதால் பூவுக்கு இந்தச் சிறிய துளை தேவை (எஃப் எண் கூடக் கூடத் துளை சிறிதாகும்). ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா ஒளியை உணரும் திறனை, தானியங்கியில் விட்டு 3200 வரை அனுமதியுங்கள். அது கூடியதால் புள்ளி புள்ளியாக வந்த படத்தைப் பார்க்க முடியும். ஆடிப்போன படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

ஷட்டர் வேகத்துக்கு, அதாவது கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்துக்கு, ஒரு கணக்கு. அசையாத பொருளைக் கையில் பிடித்து எடுக்க 1/60 நொடி. நறுக்குகிற, தைக்கிற, மண் கிளறுகிற கைகளுக்கு 1/250. ஓடும் குழந்தைக்கு 1/500. காற்றில் ஆடும் பூவுக்கு 1/250 போதும் என்றாலும் அதிகாலையில் காற்று அடங்கியிருக்கும்போது எடுப்பது மேல். தேனீயின் சிறகு நொடிக்கு 200 தடவைக்கு மேல் அடிக்கும். 1/1000 வைத்தாலும் சிறகு மங்கலாகத்தான் வரும். உடலில் ஃபோகஸ் இருந்தால் அந்த மங்கலும் அழகு.

எல்இடி விளக்கின் கீழ் படத்தில் கறுப்புப் பட்டைகள் குறுக்கே ஓடினால் போன் கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். 50 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 50 சுழற்சி) மின்சாரத்தில் விளக்கு நொடிக்கு 100 முறை மினுக்குகிறது. ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 என்று வைத்தால் பட்டை போய்விடும். 60 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடங்களில் 1/60 அல்லது 1/120.

அன்றாட வேலை

ஏற்கெனவே தினமும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு படத்தை முடிச்சுப் போடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, வாசல் கதவைத் திறப்பது, துணி காயப்போடுவது, எதுவானாலும் சரி. போனில் அலாரம் வைப்பதைவிட இது நிற்கும். அலாரம் அடிக்கும்போது நாம் வேறு ஏதோ வேலையில் இருப்போம்.

போனை எடுக்குமுன் ஒரு நிமிடம் சும்மா பாருங்கள். நேற்றைக்கு இல்லாதது இன்று என்ன இருக்கிறது? புதுத் தளிரா, பழுத்த இலையா, நாற்காலிமேல் யாரோ போட்டுவிட்டுப் போன சட்டையா? அதுதான் இன்றைய படம். அதை மூன்று விதமாக எடுங்கள்: சுற்றுப்புறம் தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்று, அதன் உயரத்துக்கே குனிந்து ஒன்று, நெருக்கத்தில் ஒன்று. நின்ற வாக்கில் கீழ்நோக்கி எடுக்கும் பழக்கத்தை விட்டாலே பாதிப் படங்கள் உயிர்பெற்றுவிடும். நாற்றுக்கு எதிரே தரையில் முழங்கையை ஊன்றுங்கள். தவழும் குழந்தைக்கும் அதே உயரம்தான்.

அன்றிரவே மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றவற்றை அழித்துவிடுங்கள். தேர்வை வார இறுதிக்குத் தள்ளிப்போட்டால் படங்கள் மலையாகக் குவிந்து, தேர்வு செய்வதே ஒரு தண்டனையாகிவிடும். அமெரிக்கரான ஜேமி லிவிங்ஸ்டன் 1979 மார்ச் 31 தொடங்கி, 1997 அக்டோபர் 25இல் இறந்த நாள் வரை, எடுத்த உடனே படத்தை அச்சாகத் தரும் போலராய்டு கேமராவால் நாளுக்கு ஒரு படம் என்று எடுத்துவந்தார். அவற்றில் பல, நண்பர்களும் அறைகளும் கொண்ட மிகச் சாதாரணமான காட்சிகள். நாளுக்கு ஒன்றுதான் என்ற கட்டுப்பாடே அந்தத் தொகுப்பைத் தாங்கி நிற்கிறது.

எடுக்கப்போகிற இடத்தை ஒழுங்குபடுத்தாதீர்கள். மேசைமேல் கிடக்கும் கண்ணாடியும் பாதி மடித்த செய்தித்தாளும்தான் அந்த வீட்டில் ஆட்கள் வாழ்ந்தார்கள் என்று பின்னால் சொல்லும். பூமேல் தண்ணீர் தெளித்துப் பனித்துளி போலக் காட்டுவதும் வேண்டாம். ஐந்து வருடம் கழித்துப் பார்க்கும்போது அன்று மழை பெய்ததா என்று நீங்களே குழம்புவீர்கள்.

மனிதர்களை எடுக்கும்போது அவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். முகம் காட்ட விருப்பமில்லாதவர்களின் கைகளை எடுக்கலாம். வேலை செய்யும் கை, முகத்தைவிடக் குறைவாகச் சொல்வதில்லை. வயதானவர்களை ஜன்னலுக்கு அருகே, வெளிச்சம் சற்றுச் சாய்வாக முகத்தில் விழும்படி உட்காரவைத்து, அவர்கள் வழக்கமாகச் செய்யும் வேலையைச் செய்யச் சொல்லுங்கள். போனைப் பார்க்கச் சொல்ல வேண்டாம்.

ஒரே இடம், ஒரே கோணம்

தினப்படத்தில் மிகுந்த பலன் தருவது இதுதான், இதற்குச் சற்று மெனக்கெடலாம். தோட்டத்தில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, கால் வைக்கும் இடத்தில் ஒரு செங்கல்லைப் பதித்துவிடுங்கள். கேமராவின் உயரம் மாறாமலிருக்க மதில், ஜன்னல் விளிம்பு, முக்காலி என்று ஏதாவது ஒன்றின்மேல் போனை வைத்து எடுங்கள். ஜூம் கூடாது, லென்ஸையும் மாற்றக் கூடாது. காட்சிக்குள் நகராத ஒரு பொருள் கட்டாயம் வேண்டும். தண்ணீர்க் குழாய், கம்பத்தின் நுனி, சுவரின் மூலை, இப்படி எதுவும் ஆகலாம். கிரிட் கோடுகள் சந்திக்கும் புள்ளியில் அது தினமும் வந்து உட்கார வேண்டும். சந்தேகம் வந்தால் முந்தைய படத்தைத் திறந்து ஒப்பிடுங்கள்.

புதியவர்கள் இங்கே செய்யும் தவறு, இன்றிருக்கும் செடியின் அளவுக்குச் சட்டகம் போடுவது. தக்காளி நாற்று நட்ட அன்று ஒரு சாண்தான் இருக்கும். குச்சி நட்டுக் கட்டினால் சில ரகங்கள் ஆள் உயரத்தையும் தாண்டும். மேலே பாதிச் சட்டகத்தைக் காலியாக விட்டு ஆரம்பியுங்கள். முதல் மாதம் வெறுமையாகத் தோன்றும், தோன்றட்டும். 365 படங்களை நொடிக்கு 12 வீதம் ஓடவிட்டால் ஒரு வருடம் அரை நிமிடத்தில் ஓடும். நிழல்கள் துள்ளாமலிருக்க வேண்டுமானால் வெயில் நேரடியாக விழாத நேரத்தைத் தேர்ந்தெடுங்கள்.

ஒரே மொட்டைத் தினமும் பின்தொடர்வதும் அருமையான பயிற்சி. காம்பில் ஒரு வண்ண நூலைக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நாள் எது நம் மொட்டு என்று தெரியாது. அந்திமந்தாரை மாலையில்தான் விரியும், காலையில் அதைத் தேடக் கூடாது. பீன்ஸ் கொடியின் நுனி பற்றுக்கோல் தேடி வட்டமடிக்கும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அரை மணி இடைவெளியில் இரண்டு படம் எடுத்தாலே நுனி திசை மாறியிருப்பது தெரியும்.

நோய் கண்ட செடியையும் விடாதீர்கள். இலையின் மேற்புறம், அடிப்புறம், முழுச் செடி என்று மூன்று படமும், அளவு தெரிய அருகே ஓர் அளவுகோலும் இருந்தால், விவரம் தெரிந்தவர்களிடம் காட்டி யோசனை கேட்க முடியும். அசுவினி போன்ற பூச்சிகள் பெரும்பாலும் இலையின் அடியில்தான் ஒட்டியிருக்கும்.

மழையும் இரவும்

மழை தெரிய வேண்டுமானால் அதற்குப் பின்னால் இருண்ட ஏதாவது இருக்க வேண்டும். வானத்தைப் பின்னணியாக வைத்தால் ஒரு துளியும் தெரியாது. அடர்ந்த மரத்தையோ இருண்ட கதவையோ நோக்கி 1/250 வைத்தால் துளிகள், 1/30 வைத்தால் கோடுகள். கொதிக்கும் பாத்திரத்தின் ஆவிக்கும் இதே விதிதான்: பின்னால் இருட்டு, பக்கத்திலிருந்தோ பின்னாலிருந்தோ வெளிச்சம். குளிரூட்டிய அறையிலிருந்து போனை வெளியே கொண்டுபோனால் லென்ஸில் ஈரம் படியும். பத்து, பதினைந்து நிமிடம் காத்திருந்து துடைத்துவிட்டு எடுங்கள்.

இரவில் போனை மேசைமேலோ சுவரிலோ சாய்த்து வைத்து, மூன்று நொடி டைமர் போட்டு எடுங்கள். ஒரே ஒரு விளக்கு எரியட்டும், அதுவும் பொருளுக்குப் பக்கவாட்டில்.

ஒரு நாள் தவறிப்போனால் அந்தத் தேதியைக் காலியாக விட்டு அடுத்த நாளிலிருந்து தொடருங்கள். நேற்றைய தேதியில் இன்றைய படத்தை வைக்க வேண்டாம். தொகுப்பின்மேல் இருக்கும் நம்பிக்கை அதனால் போய்விடும்.

குறிப்பும் சேமிப்பும்

படத்தோடு ஒரு வரி எழுதுங்கள். “அழகான காலை” என்று எழுதினால் பிற்காலத்தில் எதற்கும் உதவாது. “விதை போட்ட ஒன்பதாம் நாள், முதல் நிஜ இலை, இரவு மழை” என்று எழுதினால் அடுத்த வருட விதைப்புக்கே அது வழிகாட்டும். வீட்டுப் படமானால் யார், எந்த அறை, என்ன வேலை என்பது போதும்.

ஃபைல் பெயரை வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் வையுங்கள்: 2025-06-14 என்பது போல. நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்தின் ஒன்றாம் தேதிகளும் ஓரிடத்தில் குவிந்துவிடும். 12 மெகாபிக்சல் ஜேபெக் படம் ஒன்று ஏறக்குறைய 3 முதல் 5 மெகாபைட் இருக்கும். ஒரு வருடத்துக்கு இரண்டு ஜிபிகூட ஆகாது. ஆகவே இடமில்லை என்று சொல்லித் தரத்தைக் குறைக்க வேண்டியதில்லை.

மூன்று பிரதிகள் வையுங்கள். கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. போனோடு இணைந்த இணையக் காலரியைப் பேக்கப் என்று நம்பிவிடாதீர்கள். பல சேவைகளில் போனில் அழித்தால் அங்கும் அழிந்துவிடும். வாட்ஸ்அப் வழியாகப் படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நாள் பற்றிய தகவலும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்பினால் மூலம் அப்படியே சேரும்.

மாதத்துக்கு நான்கு படங்களையாவது அச்சிடுங்கள். நான்குக்கு ஆறு அங்குல அச்சுக்கு 1200க்கு 1800 பிக்சல் இருந்தால் போதும். எந்தப் போனிலும் அது இருக்கும். போன் படம் பொதுவாக நாலுக்கு மூன்று விகிதம், அச்சுத்தாள் மூன்றுக்கு இரண்டு. படுக்கைவாட்டில் எடுத்த படத்தின் மேலும் கீழும் சற்று வெட்டுப்படும் என்பதால், எடுக்கும்போதே தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விடுங்கள். பின்புறம் எழுத மென்மையான பென்சில் நல்லது. பால்பாயிண்ட் பேனா அழுத்தினால் முன்பக்கம் தடம் தெரியும். பசை பூசிய பக்கங்களும் மேலே பிளாஸ்டிக் தாளும் கொண்ட ஆல்பத்தைத் தவிர்த்துவிடுங்கள். சில வருடங்களில் பக்கம் மஞ்சளாகிப் படம் அதோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்க வராது. மூலைகளைச் செருகி வைக்கும் காகித ஆல்பமாகப் பார்த்து வாங்குங்கள்.